ராமச்சந்திரன் ப்ளாட் எங்கே இருக்கு?

போன ஞாயிற்றுக்கிழமை காலை, ராசிபலனைத் தாண்டி விளையாட்டுப் பக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது ஹவுஸ் ஓனர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். ஹவுஸ் ஓனர் இறங்கி வந்தால் இரண்டே காரணங்கள்தான் இருக்க முடியும். ஒன்று, தண்ணீர் மோட்டார். இன்னொன்று, வாடகை. இரண்டுக்கும் மனசுக்குள் பதில் தயார் செய்துகொண்டு எழுந்து நின்றேன்.

"தம்பி, நீங்க பி.காம்.தானே?"

இதை எதிர்பார்க்கவில்லை.

"ஆமா சார்."

"பட்டா, வில்லங்கம் எல்லாம் பார்க்கத் தெரியுமா?"

பி.காம். படித்தவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று நம் ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. இன்கம்டாக்ஸ், எல்.ஐ.சி. பாலிசி, சீட்டுக் கம்பெனி ஓடுமா ஓடாதா, எல்லாவற்றுக்கும் எங்களைத்தான் கேட்பார்கள். ஓரளவு தெரியும் என்பது போலத் தலையை ஆட்டி வைத்தேன்.

ஓனர் குரலைத் தாழ்த்தினார். "பையன் ஒரு ப்ளாட் வாங்கியிருக்கான் தம்பி. எங்களுக்குச் சொல்லாம."

பையன் பி.எச்டி. மாணவன். மாலிக்யுலர் பயாலஜி. நாலாவது வருஷம். அம்பத்தூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து லேபுக்குப் போய், ராத்திரி பத்து மணிக்கு வாடிய கீரைக்கட்டு மாதிரி திரும்பி வருவான். அவனுக்கு வரும் ஸ்டைபண்டில் செருப்பு வாங்கலாம். ப்ளாட் வாங்க முடியாது.

"நான் காதால கேட்டேன். ராத்திரி போன்ல பேசறான். 'ராமச்சந்திரன் ப்ளாட்ல தொண்ணூத்தேழு பர்சென்ட் ஓ.கே. மூணே மூணுதான் டிஸ்அலவ்டு ஏரியாவுல விழுது'ன்னு. யாரு தம்பி இந்த ராமச்சந்திரன்? ப்ரமோட்டரா? போரூர்ல ஆஸ்பத்திரி இருக்கே, அதுக்குப் பக்கத்துலயா? டிஸ்அலவ்டுன்னா என்ன, ஏரிப் புறம்போக்கா?"

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இந்த பயம் ரத்தத்தில் ஊறியது. எந்த மனையைப் பார்த்தாலும் முதலில் அதன் கீழே ஏரி தெரியும்.

"போதாக்குறைக்கு முந்தாநாள் நாற்பதாயிரம் பணம் கேட்டான். எதுக்குடான்னா 'வேணும்பா'ங்கறான். அட்வான்ஸ்தானே அது? நீங்க கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்க தம்பி."

விசாரித்தேன்.

* * *

சாயங்காலம் மொட்டை மாடியில் பையனைப் பிடித்தேன். ப்ளாட் விஷயத்தைச் சொன்னதும் தண்ணீர் டாங்க்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அண்ணா, அது மனை இல்ல. மேப். புரோட்டீனுக்கு மேப்!"

"சரி, அந்த நாற்பதாயிரம்?"

சிரிப்பு நின்றுவிட்டது. "அதை அப்புறம் சொல்றேண்ணா" என்று கீழே தெருவைப் பார்த்தான்.

அதை அவனைப் போலவே நாமும் அப்புறம் பார்க்கலாம். முதலில் ப்ளாட்.

காலை எட்டரை மணிக்கு அம்பத்தூர் எஸ்டேட் போகிற பஸ்ஸில் ஏறியிருக்கிறீர்களா? ஒரு கை மேலே கம்பியில். இன்னொரு கையில் சாப்பாட்டுப் பை. தோள்பட்டை சுற்றும், முழங்கை மடங்கும், ஆண்டவன் எல்லா வசதியும் கொடுத்திருக்கிறான். ஆனால் திருப்ப முடியுமா? இந்தப் பக்கம் திருப்பினால் ஒருத்தர் மூக்கு. அந்தப் பக்கம் திருப்பினால் இன்னொருத்தர் மூக்குக் கண்ணாடி. கடைசியில் யார் மேலும் இடிக்காமல் நிற்க நாலைந்து போஸ்தான் மிச்சம். அந்த நாலைந்து போஸ்களையும் ஒரு தாளில் படமாகப் போட்டுவிட்டால், அதுதான் ராமச்சந்திரன் ப்ளாட்.

நம் உடம்பில் ஓடுகிற, ஆடுகிற, ஜீரணம் பண்ணுகிற எல்லாவற்றுக்கும் புரதம் வேண்டும். புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்ற மணிகளைக் கோத்த மாலை. மாலை நீளமாகக் கிடந்தால் வேலை செய்யாது. சரியான விதத்தில் மடங்கிச் சுருண்டால்தான் செய்யும். ஒவ்வொரு மணிக்கும் முதுகெலும்பு மாதிரியான பகுதியில் சுழலக்கூடிய மூட்டு இரண்டு. ஒன்றுக்குப் பெயர் ஃபை, இன்னொன்றுக்கு ஸை. இரண்டுமே முழு வட்டம், 360 டிகிரி சுற்றலாம். ஒன்றைக் குறுக்கேயும் மற்றதை நெடுக்கேயும் வைத்து ஒரு சதுரம் வரைந்தால், சதுரத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு போஸ். இப்போது, எந்தெந்தப் போஸில் அணுவும் அணுவும் இடித்துக்கொள்ளுமோ அதையெல்லாம் அடித்துவிடுங்கள். சதுரத்தில் முக்கால் பங்குக்கு மேல் காலி! மிஞ்சுவது சில தீவுகள். உலகத்தில் உள்ள புரதங்களின் மூட்டுகள் எல்லாம் பெரும்பாலும் அந்தத் தீவுகளில்தான் குடியிருக்கின்றன.

கிளைசின் என்று ஒரு அமினோ அமிலம் மட்டும் விலக்கு. அது பையில்லாமல் பஸ் ஏறிய ஒல்லிப் பையன். எங்கே வேண்டுமானாலும் நுழைந்துவிடும்.

ஆக, ஓனர் நினைத்ததில் பாதி சரிதான். இதிலும் அப்ரூவ்டு, அன்அப்ரூவ்டு உண்டு. பையன் தன்னுடைய புரத மாதிரியை அந்த மேப்பில் போட்டுப் பார்த்திருக்கிறான். தொண்ணூற்றேழு சதவீதம் அப்ரூவ்டு. மூன்று மணிகள் ஏரிக்குள் விழுந்துவிட்டன. எங்கேயோ தப்பு, திரும்பச் சரிபார்க்க வேண்டும். அதைத்தான் ராத்திரி போனில் நண்பனிடம் புலம்பியிருக்கிறான்.

* * *

யார் இந்த ராமச்சந்திரன்?

ஜி.என்.ராமச்சந்திரன். 1922 அக்டோபர் 8-ல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். அப்பா கணக்கு வாத்தியார். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு, பெங்களூர் இன்ஸ்டிடியூட்டில் எலெக்ட்ரிகல் இன்ஜினீயரிங் சேர்ந்தார். அங்கே இருந்த சர் சி.வி.ராமன் ஆளைப் பார்த்தார், இயற்பியலுக்கு இழுத்துக்கொண்டுவிட்டார். பிறகு கேம்ப்ரிட்ஜ் போய் டாக்டர் பட்டம். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைத் தலைவர். வயது முப்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. நமக்கெல்லாம் அந்த வயதில் சீனியர் அசிஸ்டென்ட் ஆவதற்கே தேங்காய் உடைக்க வேண்டியிருக்கிறது.

துறை இருந்தது கிண்டியில். அந்தச் சமயம் ஜே.டி.பெர்னால் என்ற பெரிய பிரிட்டிஷ் விஞ்ஞானி சென்னை வந்திருந்தார். பேச்சுவாக்கில், கொலாஜன் என்கிற புரதத்தின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். தோல், எலும்பு, தசைநார் எல்லாவற்றிலும் இருக்கிற புரதம் அது. நம் உடம்பிலேயே அதிகமாக இருப்பதும் அதுதான்.

தோல் என்றதும் ராமச்சந்திரனுக்கு அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. பக்கத்திலேயே சி.எல்.ஆர்.ஐ., மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். கங்காரு வாலின் தசைநாரிலிருந்து நல்ல கொலாஜன் கிடைத்தது. கோபிநாத் கர்த்தா என்ற சக ஆராய்ச்சியாளரோடு எக்ஸ்ரே படம் எடுத்துக் கணக்குப் போட்டார். 1954-ல் 'நேச்சர்' இதழில் கட்டுரை: கொலாஜன் என்பது மூன்று இழைகள் சேர்ந்த அமைப்பு. 1955-ல் இன்னொரு கட்டுரை: அந்த மூன்றும் கயிறு மாதிரி ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கின்றன. மூன்று பேர் தோளோடு தோள் நெருக்கி நிற்கிற இடத்தில் நடுவில் குண்டு ஆள் நிற்க முடியாது இல்லையா? அதனால்தான் கொலாஜன் மாலையில் ஒவ்வொரு மூன்றாவது மணியும் அந்த ஒல்லிப் பையன், கிளைசின்.

அதே 1955-ல் எதிர்ப்பும் வந்தது. வந்தது யாரிடமிருந்து? டி.என்.ஏ. புகழ் பிரான்சிஸ் க்ரிக், அவரோடு அலெக்சாண்டர் ரிச். மூன்று இழை சரி. ஆனால் உங்கள் மாதிரியில் சில அணுக்கள் ரொம்ப நெருக்கமாக நிற்கின்றன, அவ்வளவு கிட்டே நிற்க முடியாது, இழைகளைப் பிணைக்கிற ஹைட்ரஜன் பிணைப்பும் நீங்கள் சொல்கிற எண்ணிக்கையில் கிடையாது என்றார்கள். பிணைப்புக் கணக்கில் பிற்பாடு க்ரிக் பக்கம்தான் சரி என்று ஆயிற்று. மூன்று இழைக் கயிறு என்ற அடிப்படை மட்டும் இன்றுவரை அசையவில்லை.

நம்மை யாராவது இப்படிச் சொன்னால் என்ன செய்வோம்? கேன்டீனில் உட்கார்ந்து அந்த ஆளைப் பற்றி ஒரு வாரம் பேசுவோம். ராமச்சந்திரன் ஒரு கேள்வி கேட்டார். அணுவும் அணுவும் உண்மையிலேயே எவ்வளவு கிட்டே வரலாம்? அதுவரை வெளியான படிக அமைப்புகளையெல்லாம் புரட்டி, தூரங்களை எடுத்து ஒரு பட்டியல் போட்டார்கள். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்களும் அவரும், ஃபை-ஸை கோணங்களை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிக் கணக்குப் போட்டார்கள். கம்ப்யூட்டர் இல்லை. மேஜைக் கால்குலேட்டர்தான்.

1963-ல் 'ஜர்னல் ஆஃப் மாலிக்யுலர் பயாலஜி' இதழில் அந்த மேப் வந்தது. 95-ஆம் பக்கத்திலிருந்து 99 வரை. ஐந்தே பக்கம். நம் ஆபீஸில் ஒரு ஸ்டேப்ளர் வாங்க எழுதும் ஃபைல் அதைவிடப் பெரிசு.

* * *

இப்போது பையனின் நாற்பதாயிரத்துக்கு வரலாம். அதற்கு முன்னால் சைட்டேஷன் என்றால் என்ன என்று தெரிய வேண்டும். இது என் சப்ஜெக்ட். பயப்படாமல் வரலாம்.

ஒரு விஞ்ஞானி கட்டுரை எழுதும்போது, 'இந்தச் சரக்கு இன்னாரிடம் வாங்கியது' என்று கடைசியில் வவுச்சர் வைக்க வேண்டும். அந்த வவுச்சர்தான் சைட்டேஷன். எழுதுகிறவர் புத்தகத்தில் கடன். யார் பெயரைச் சொல்கிறாரோ அவர் புத்தகத்தில் வரவு. பற்று-வரவு, அவ்வளவுதான்.

உலகத்திலுள்ள இந்த வவுச்சர்களையெல்லாம் ஒரே பேரேட்டில் ஏற்றினால் என்ன என்று யோசித்தவர் யூஜின் கார்ஃபீல்ட், அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாக்காரர். 1955-ல் யோசனையைச் சொன்னார். 1964-ல் 'சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்' வெளிவந்தது. யோசனை வக்கீல்களிடமிருந்து எடுத்தது. ஒரு பழைய தீர்ப்பைப் பின்னால் எந்தெந்தத் தீர்ப்பில் எடுத்துக் காட்டினார்கள் என்று பார்க்க அங்கே வக்கீல்கள் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே ஒரு அட்டவணை வைத்திருந்தார்கள். கார்ஃபீல்ட் செய்ததும் தேடுவதற்காகத்தான். ஒரு கட்டுரையைப் பிடித்தால், அதன் வாரிசுகளைப் பிடிக்கலாம்.

ஆனால் எண் என்று ஒன்று கையில் கிடைத்தால் மனுஷன் சும்மா இருப்பானா? தேடச் செய்த பேரேட்டை எடைத் தராசு ஆக்கினார்கள். இதழ்களுக்கு 'இம்பாக்ட் ஃபாக்டர்' வந்தது. முந்தின இரண்டு வருஷத்தில் வந்த கட்டுரைகளுக்கு இந்த வருஷம் எத்தனை வவுச்சர் என்று ஒரு சராசரி. 2005-ல் ஹிர்ஷ் என்ற இயற்பியல்காரர் ஆட்களுக்கே மார்க் போட 'எச்-இண்டெக்ஸ்' கண்டுபிடித்தார். பத்து கட்டுரைக்குத் தலா பத்து வவுச்சராவது இருந்தால் உங்கள் எச் பத்து. ஒரே ஒரு கட்டுரை எழுதி அதற்குப் பத்தாயிரம் வவுச்சர் வந்தால்? எச் ஒன்று! ஒரே மேட்சில் ட்ரிபிள் செஞ்சுரி போட்டவரும், ஒரே மேட்சில் ஒரு ரன் எடுத்து அவுட் ஆனவரும் ஒரே வரிசை.

தராசு பொய் சொல்லாது. ஆனால் அது எதை நிறுக்கிறது என்று பார்க்க வேண்டும். 2014-ல் 'நேச்சர்' இதழ், அதுவரை அதிக வவுச்சர் வாங்கிய நூறு கட்டுரைகளைப் பட்டியல் போட்டது. முதல் இடம், 1951-ல் லோரி என்பவரும் கூட்டாளிகளும் எழுதியது. மூன்று லட்சத்துக்கு மேல் வவுச்சர். விஷயம்? ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறை. அளக்கிறவர்கள் எல்லாம் வவுச்சர் வைத்தார்கள், ஏறிக்கொண்டே போயிற்று. 1953-ல் வாட்சனும் க்ரிக்கும் டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருளைச் சொன்ன கட்டுரை எத்தனையாவது இடம்? முதல் நூறில் இல்லவே இல்லை.

இன்னொரு வேடிக்கை. 'இவர் சொன்னது தப்பு' என்று எழுதினாலும் வவுச்சர் வைத்துத்தான் எழுத வேண்டும். திட்டினாலும் ஒரு மார்க்.

ராமச்சந்திரன் விஷயத்துக்கு வாருங்கள். 1963-ல் மேப் போட்டபோது, அணு அணுவாக அமைப்பு தெரிந்த புரதம் என்று சொல்ல மையோகுளோபினை விட்டால் ஆளில்லை. ஊர் உருவாகும் முன்னாலேயே லே-அவுட் போட்டுவிட்டார் மனுஷன். அடுத்த இரண்டு வருஷ வவுச்சரை எண்ணியிருந்தால் என்ன தேறியிருக்கும்? பின்னால்தான் ஊர் வந்தது. புரத அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் புரோட்டீன் டேட்டா பேங்க் 1971-ல் தொடங்கியது. இன்று அதில் இரண்டு லட்சத்துக்கும் மேல் அமைப்புகள். புதிதாக எது உள்ளே வந்தாலும் ராமச்சந்திரன் மேப்பில் வைத்துப் பார்த்து, எத்தனை மணி வெளியே விழுகிறது என்று ரிப்போர்ட்டில் எழுதுகிறார்கள். 2024-ல் வேதியியல் நோபல் வாங்கிய ஆராய்ச்சிகளில் ஒன்று ஆல்ஃபாஃபோல்டு. புரதம் எப்படி மடங்கும் என்று கம்ப்யூட்டரே கணித்துச் சொல்வது. அது சொல்வதையும் இந்த மேப்பில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள்.

அப்படியானால் வவுச்சர் குவிந்திருக்க வேண்டுமே? அங்கேதான் சூட்சுமம். 'ராமச்சந்திரன் ப்ளாட்' என்று எழுதிவிட்டுப் பலர் மேலே போய்விடுகிறார்கள். 1963 கட்டுரைக்கு வவுச்சர் வைப்பதில்லை. எதற்கு வைப்பது? எல்லோருக்கும் தெரிந்ததுதானே!

கணக்குப் புத்தகத்தில் இரட்டைப் பதிவு முறையை முதன்முதலில் அச்சில் விளக்கியவர் லூக்கா பாச்சியோலி, 1494-ல், வெனிஸ் நகரத்தில். அம்பத்தூர் எஸ்டேட்டில் இத்தனை கம்பெனிகள் இருக்கின்றனவே, எந்தக் கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டிலாவது 'நன்றி: பாச்சியோலி' என்று பார்த்திருக்கிறீர்களா? பாயசத்தில் சர்க்கரை கரைந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. தெரியவில்லை என்பதால் போடவில்லை என்று ஆகுமா?

அவருடைய இன்னொரு சர்க்கரையும் உண்டு. 1971-ல் ஏ.வி.லட்சுமிநாராயணனோடு சேர்ந்து, பல திசைகளில் எடுத்த எக்ஸ்ரே நிழல்களிலிருந்து உள்ளே இருக்கும் உருவத்தைத் திரும்பக் கட்டும் கணித முறை ஒன்றை எழுதினார். அதிலிருந்து வந்த 'ராம்-லாக் ஃபில்டர்' என்ற பெயர் சி.டி. ஸ்கேன் பாடப்புத்தகங்களில் இன்றும் இருக்கிறது. பூட்டுக் கம்பெனி மாதிரி இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். ராமச்சந்திரன்-லட்சுமிநாராயணன். சி.டி. ஸ்கேனுக்கான நோபல் பரிசு 1979-ல் கார்மக், ஹவுன்ஸ்ஃபீல்ட் இரண்டு பேருக்கும் போயிற்று. ராமச்சந்திரனுக்கு எந்தக் கணக்கிலும் நோபல் வரவில்லை. 2001 ஏப்ரல் 7-ல் சென்னையில் காலமானார்.

* * *

இருட்டிய பிறகு பையனே வந்தான். போனை நீட்டினான். வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ். அனுப்பியவர் யார் என்று அவனுக்கே தெரியாது. 'கட்டுரை தயார். ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது. ஆசிரியர் இடங்கள் காலி. முதல் பெயர் ஒரு விலை, இரண்டாவது ஒரு விலை. மூன்றாவது பெயர் நாற்பதாயிரம். சைட்டேஷன் உத்தரவாதம்.'

ஷேர் ஆட்டோவில்கூட முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் ஒரே விலைதான்.

"நாலு வருஷத்துல ஒரே ஒரு பேப்பர்ணா. அதுக்கு சைட்டேஷன் ஆறு. அதுல ரெண்டு நானே வெச்சது. கூடப் படிக்கிறவனுக்குப் பதினஞ்சு பேப்பர். வெளிநாடு போக அப்ளிகேஷன் போட்டா முதல்ல எண்ணைத்தான் பார்க்கறாங்க. இன்னும் எட்டு மாசத்துல ஃபெலோஷிப் முடியுது. என்னோட புரோட்டீன்ல அந்த மூணு மணி சரியாகவே மாட்டேங்குது. அதைச் சரி பண்ணாம பேப்பர் அனுப்ப முடியாது. எல்லாரும் பண்றாங்கண்ணா..."

அவன் குரல் கொஞ்சம் உடைந்தது. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கணக்கில் இல்லாத சரக்குக்கு வவுச்சர் போட்டால் ஆடிட்டில் மாட்டும் என்று சொல்லலாம். அது நிஜமும்கூட. 2023-ல் மட்டும், ஹிந்தாவி என்ற ஒரு பதிப்பகத்தின் இதழ்களில் வந்த எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளை வாபஸ் வாங்கினார்கள். ஆனால் பயந்தவனை மேலும் பயமுறுத்துவதில் என்ன பிரயோஜனம்?

"அப்பாகிட்ட நீயே சொல்லு. நானும் கூட வர்றேன்" என்றேன்.

மாடிக்குப் போனோம். ஓனர் ஒருகாலத்தில் ஆவடி டாங்க் ஃபேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவர். முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ். பையன் லேப்டாப்பைத் திறந்து மேப்பைக் காட்டினான். தீவுகள், அவற்றுக்குள்ளே எறும்பு மாதிரி புள்ளிகள், வெளியே தனியாக மூன்று சிவப்புப் புள்ளிகள். பஸ் கதையை நான் சொன்னேன். ஓனர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"டேய், இது கோ, நோ-கோ கேஜ்தானே?"

பையன் விழித்தான். ஓனர் விளக்கினார். துளையின் அளவு சரியா என்று பார்க்க ஒரு கேஜ் உண்டு. ஒரு முனை உள்ளே போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. போக வேண்டியது போகாவிட்டாலும் ரிஜெக்ட், போகக் கூடாதது போனாலும் ரிஜெக்ட். "அந்த கேஜை யார் கண்டுபிடிச்சான்னு எனக்குத் தெரியாதுடா. முப்பத்திரண்டு வருஷம் தினம் கையில வெச்சிருந்தேன். அது இல்லாம ஒரு பீஸ் வெளிய போனதில்ல."

நான் மேலே நாலு பக்கம் எழுதிச் சொன்னதை மனுஷன் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார்.

அப்புறம் பையன் நாற்பதாயிரத்தைச் சொன்னான். அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றார்கள். ஓனர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு பயமாக இருந்தது.

"அந்தக் கட்டுரையில என்ன எழுதியிருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுப்பா."

"யாரு அளந்தா?"

"தெரியாது."

"மாசக் கடைசியில புரொடக்‌ஷன் ஆளுங்க வருவாங்கடா. 'சார், டார்கெட் இருக்கு, இந்த லாட்டுக்குக் கையெழுத்துப் போடுங்க, அளந்தாச்சு'ன்னுவாங்க. வேணாம்னு சொன்னதால ரெண்டு ப்ரமோஷன் தள்ளிப்போச்சு. உங்கம்மாவைக் கேளு. நான் அளக்காத பீஸுக்கு ஒரு நாளும் கையெழுத்துப் போட்டதில்ல." கொஞ்சம் நிறுத்தினார். "எட்டு மாசம் ஆனா என்ன, கூட ஒரு வருஷம் ஆனா என்ன? சோறு இங்க இருக்கு. அந்த மூணு புள்ளியை முதல்ல உள்ள கொண்டா."

பையன் ஒன்றும் சொல்லவில்லை. போனை எடுத்து ஏதோ அழித்தான். அந்த மெசேஜ்தான் என்று நினைக்கிறேன். எட்டிப் பார்க்கவில்லை.

சினிமாவாக இருந்தால் அடுத்த சீனில் மூன்று புள்ளிகளும் தீவுக்குள் ஓடிவந்து, பையனுக்கு அமெரிக்காவிலிருந்து தந்தி வந்திருக்கும். இது அம்பத்தூர். புதன்கிழமை நிலவரப்படி ஒரு புள்ளி உள்ளே வந்திருக்கிறது. இரண்டு இன்னும் ஏரிக்குள். அவனுடைய சைட்டேஷன் ஆறிலிருந்து ஏழாகவில்லை. கூடப் படிக்கிற பதினைந்து பேப்பர்காரன் முந்திக்கொள்ளலாம். ராமச்சந்திரனை மாதிரி காலம் எல்லோருக்கும் நியாயம் செய்யும் என்று நான் எழுதினால் அது பொய். ஆனால் அந்த மேப்பில் இடம் வாங்க மட்டும் எந்த புரோக்கராலும் முடியாது. அணு இடித்தால் இடித்ததுதான்.

நேற்று ஒரு ரியல் எஸ்டேட் ஆள் நோட்டீஸோடு கேட்டைத் தட்டினார். திருநின்றவூர் தாண்டி, ஸ்டேஷனுக்கு மிக அருகில், நடந்தே போய்விடலாம் என்றார். ஓனர் மாடியிலிருந்தே பதில் சொன்னார்.

"வேணாம் சார். எங்க வீட்ல ஏற்கெனவே ஒரு ப்ளாட் இருக்கு. ராமச்சந்திரன் ப்ளாட். 1963-ல அப்ரூவல் ஆனது."

"எந்த ஏரியா சார்?"

"கிண்டி."

கிண்டியில் ப்ளாட் என்றதும் அந்த ஆள் ஓனரைப் பார்த்த பார்வையில் இருந்த மரியாதை இருக்கிறதே... அதற்கு எந்தப் பேரேட்டிலும் எண் கிடையாது.